எதையும் வார்க்கும் பட்டறை

கணினிக்குள் ஒரு நோயாளியை உண்டாக்க லஸ்ஸாத்துக்கு முன்பெல்லாம் ஒரே வரி போதும். ‘புதிது’ என்று எழுதுவான், பக்கத்தில் ‘நோயாளி’ என்று எழுதுவான், அடைப்புக்குறிக்குள் ஆளின் பெயர், வயது, ரத்த வகை, எவ்வளவு அவசரம் என்று போடுவான். அவ்வளவுதான், உள்ளே ஒரு நோயாளி எழுந்து நிற்பார். பெயரைப் போடாமல் விட்டால் கணினி சண்டைக்கு வரும். பெயரில்லாத நோயாளி கிடையாது, போய்க் கேட்டுக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடும். பல வருடமாக இப்படித்தான் நடந்தது, யாருக்கும் ஒரு குறையும் இல்லை. குறையில்லாமல் நடக்கிற காரியம் ஒரு அரசு அலுவலகத்தின் கண்ணில் பட்டால் அது சும்மா இருக்குமா?

துனிஸில் லஸ்ஸாத் வேலை பார்த்த அந்தச் சுகாதாரக் கணினி மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற மையங்கள் எங்களை மட்டும் ஏன் விட்டாய் என்று கோபித்துக்கொள்ளும். மையத்தின் தலைவர் ஸீ ஷாத்லி. ‘ஸீ’ என்றால் அங்கே ‘திரு’ மாதிரி. ஒரு வசந்தகாலத்தில் ஹமாமெத் கடற்கரை ஹோட்டலில் நடந்த கருத்தரங்குக்குப் போனார். போன மனுஷன் பொரித்த மீனைச் சாப்பிட்டோமா, கடலில் காலை நனைத்தோமா என்று திரும்பியிருக்கலாம். கெட்ட நேரம், ஒரு சொற்பொழிவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்த வாரத்திலேயே ‘பொருளாக்க உயர் மன்றம்’ பிறந்தது. கணினிக்குள் உண்டாக்குகிற எதற்கும் ‘பொருள்’ என்று பெயர். மூன்றாம் மாடியில் அதற்கென்று ஓர் அறை, பச்சைத் துணி விரித்த நீள மேஜை, வாசலில் பித்தளைப் பலகை. ‘புதிது’ என்ற சொல்லை இனி யாரும் எழுதக் கூடாது என்பது மன்றத்தின் முதல் கட்டளை. அவனவன் தனக்கு வேண்டிய பொருளைத் தானே உண்டாக்கிக்கொள்வது காட்டுமிராண்டித்தனம். இனி எல்லாவற்றையும் ‘பட்டறை’ என்ற ஒரே பொதுப் புரோகிராம் வார்த்துத் தரும். எந்த வகை வேண்டும் என்று சொன்னால் போதும். நோயாளி என்றால் நோயாளி, நாற்காலி என்றால் நாற்காலி, ஆம்புலன்ஸ் என்றால் ஆம்புலன்ஸ். பட்டறைக்குள் அந்த வகை இருக்கவேண்டிய இடத்தில் ‘டி’ என்று ஒரே ஓர் எழுத்துதான் இருக்கும். டி எதுவாகவும் இருக்கலாம்.

யோசனையில் தப்பில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்கச் செய்கிறார்கள், கெட்டிக்காரன் கையில் அது நல்ல கருவி. ஆனால் கருவிக்கு ஒரு மன்றம் அமைத்து, மன்றத்துக்கு ஒரு செயலாளரைப் போட்டு, செயலாளருக்கு ஒரு முத்திரையைக் கொடுத்துவிட்டால் அது கருவியாகவா இருக்கும்?

திறப்புவிழாவில் ஸீ ஷாத்லி பேசினார். “சகோதரர்களே, டி யாரு? டிக்கு ஊர் கிடையாது, குலம் கிடையாது, முகம் கிடையாது. டி முன்னாடி எல்லாரும் சமம். ஒரு விஷயத்தப் பத்தி ஒண்ணுமே தெரிஞ்சுக்காம அதை நிர்வாகம் பண்ண முடியும்னு நான் இத்தனை வருஷமா உங்களுக்கு நிரூபிச்சுக் காட்டியிருக்கேன். இனிமே அதைக் கம்ப்யூட்டரே செய்யப்போகுது!”

எல்லோரும் கை தட்டினார்கள். லஸ்ஸாத்தும் தட்டினான். அவனுக்கு அன்றைக்கு வேறு கவலை.

கவலையின் பெயர் ஃபத்தூமா, அவனுடைய அக்கா. தாயில்லாத வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, காதைத் திருகி ஆளாக்கியவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். வீடு துனிஸின் பார்தோவில், இடம் கிடைத்ததோ தூரத்து ஊரான பிஸெர்த்தாவில். விடியும் முன்னே எழுந்து, லுவாஜ் என்கிற ஷேர் வண்டியில் முன்பின் தெரியாதவர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு போவாள். திரும்பும்போது பிழிந்த துணி மாதிரி இறங்குவாள். அவள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது, அங்கே புதிதாக டயாலிசிஸ் நாற்காலிகள் வந்திருந்தன. அந்த நாற்காலிகளைப் பங்கு போடுகிற புரோகிராமைத்தான் லஸ்ஸாத் எழுதிக்கொண்டிருந்தான்.

“அக்கா, இன்னும் கொஞ்ச நாள்தான். கோடைக்குள்ள உனக்கு பார்தோவுலயே நாற்காலி. செருப்பக்கூட மாட்ட வேணாம், அப்படியே நடந்து போயிடலாம்.”

“சிபாரிசா?”

“சிபாரிசு இல்ல. உன் அவசர எண் ரெண்டு. முறைப்படியே உனக்கு முன்னாடி அதிகம் பேர் இல்ல.”

“முறைப்படின்னு சொல்றியா? அப்ப நான் லுவாஜ்காரன்கிட்டச் சண்டை போடாம இருக்கேன்” என்றாள் ஃபத்தூமா. வாயில் ஒரு துண்டு ஐஸ் இருந்தது. தண்ணீர் குடிக்கக் கூடாது, ஐஸைச் சப்பிக்கொள்ளலாம்.

அவசர எண் என்ன என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். ஒன்று என்றால் உடனே. இரண்டு என்றால் சீக்கிரம். மூன்று, நான்கு என்றால் காத்திருக்கலாம். எண் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு அவசரம்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. லஸ்ஸாத்தை மன்றம் கூப்பிட்டது. பச்சைத் துணி மேஜையின் நடுவில் ஸீ ஷாத்லி, பக்கத்தில் செயலாளர் மதாம் நஜ்வா முத்திரையோடு.

“ஸீ லஸ்ஸாத், உங்க நோயாளி பட்டறைக்கு ஒத்துழைக்க மாட்டேங்குறார்” என்றாள் நஜ்வா. “உண்டாக்கும்போதே பேர் கேக்குறார், ரத்த வகை கேக்குறார். பட்டறைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அதுக்குத் தெரிஞ்சது டி மட்டும்தான்.”

“நோயாளிக்குப் பேர் வேணாமா மதாம்?”

“பேர் தனிச்சலுகை” என்றார் ஸீ ஷாத்லி. “நாற்காலி பேர் கேக்குதா? ஆம்புலன்ஸ் பேர் கேக்குதா? உங்க நோயாளிக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? பட்டறைக்கு வர்ற எல்லா வகையும் வெறுங்கையோடதான் பிறக்கணும். முதல்ல பிறக்கட்டும், பேரை அப்புறம் நிரப்பிக்கலாம். குழந்தை பேரோடவா பிறக்குது?”

“அம்மாவோட பிறக்குதே, ஸீ ஷாத்லி.”

நஜ்வா அவனுடைய புரோகிராமிலிருந்து பெயர் கேட்கும் வரியை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் முத்திரை குத்தினாள். கணினி வகையைச் சரிபார்த்தது. நோயாளி என்று கேட்டோம், நோயாளி வகையில் ஒன்று வந்திருக்கிறது, எல்லாம் சரி என்றது. வகை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லி யாரும் அதனிடம் சொல்லவில்லையே.

கிளம்பும்போது லஸ்ஸாத்துக்கு நாக்கு அரித்தது. “ஒரு சந்தேகம். பட்டறையும் ஒரு பொருள்தானே? ‘புதிது’ன்னு எழுதாம அதை யார் உண்டாக்குறது?”

“அதுக்குத்தான் பெரிய பட்டறை இருக்கே.”

“அதை?”

“கேள்வி கேக்குறது நல்ல பழக்கம்” என்று ஸீ ஷாத்லி எழுந்தார். “ஆனா மணி ரெண்டாச்சு.”

கோடையில் அலுவலகங்களுக்கு ஒற்றை வேளைதான். இரண்டு மணிக்கு உயிர் போகிற விஷயமாக இருந்தாலும் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்த வருடம் மன்றம் கண் விழித்தது முதல் கோடை வந்துவிட்டதாகவே நடந்துகொண்டது.

மன்றத்தின் மகிமை கான்டீன் வரைக்கும் போனது. காபி போடும் ஹஸூனாவுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் எஸ்பிரெஸோ, பால் காபி, பைன் கொட்டை போட்ட டீ என்று தனித்தனியாகக் கேட்பது கிடையாது. ‘பானம்’ என்று கேட்டால் ஹஸூனா பான வகையில் ஒன்றைக் கொடுப்பார். நிரப்பிக்கொள்வது தனி விண்ணப்பம்.

“இது காலிக் கோப்பையா இருக்கே, ஹஸூனா” என்றான் லஸ்ஸாத்.

“வகைப்படி அது பானம்தான் தம்பி. நேத்து ஸீ ஷாத்லியே வந்து கோப்பையைத் தூக்கிப் பார்த்து ‘அருமை’ன்னுட்டுப் போனாரு. அவருக்கு மட்டும் நான் முன்னாடியே ஊத்தி வெச்சிருந்தேன்.”

“அப்ப எங்களுக்கு?”

“நீங்க டி” என்றார் ஹஸூனா, துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்துக்கொண்டு.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் இதோடு முடிந்தது. அடுத்து மன்றம் செய்ததற்குச் சிரிக்க முடியாது. நாற்காலி விநியோகம் தொடங்குகிற நேரத்தில் கூட்டம் முண்டியடிக்கும், பட்டறை மூச்சு வாங்கும் என்று யாரோ பயமுறுத்திவிட்டார்கள். உடனே மன்றம் கூடி, நோயாளிகளைத் தினமும் காலையில் முன்கூட்டியே வார்த்து வைத்துக்கொள்வது என்று தீர்மானம் போட்டது. ஆள் வந்ததும் தயாராக இருக்கிற ஒரு காலி நோயாளியை எடுத்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். சாயங்காலம் திரும்பக் கொடுத்தால் மறுநாள் வேறு ஆளுக்கு உதவும். ‘மறுபயன்பாடு’ என்று அந்தத் தீர்மானத்துக்குத் தலைப்பு வைத்தார்கள்.

லஸ்ஸாத் கரடியாகக் கத்தினான். “காலி நோயாளியோட அவசர எண் என்னவா இருக்கும்னு பார்த்தீங்களா? ஒண்ணும் போடலன்னா அது பூஜ்யம்! பூஜ்யம் ஒண்ணைவிடச் சின்னது! வரிசையில முதல்ல போய் நிப்பாங்க!”

“பாருங்க, இதான் உங்ககிட்ட இருக்கிற கோளாறு. ஒரே ஒரு வகையையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்க” என்றார் ஸீ ஷாத்லி, நிஜமான பரிதாபத்தோடு. “இது பொதுப் பட்டறை. பொதுவா யோசிங்க.”

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மேளதாளத்தோடு திட்டம் தொடங்கியது. தேன் வழியும் மக்ரூத் பலகாரம் தட்டுத்தட்டாக வந்தது. முதல் மணி நேரத்திலேயே ஆஸ்பத்திரியின் நாற்காலிகள் அத்தனையும் ஒதுக்கப்பட்டுவிட்டன என்று பெரிய திரையில் காட்டினார்கள். கைதட்டல் அடங்கவே இல்லை. லஸ்ஸாத் மட்டும் நழுவி, டாக்ஸி பிடித்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

டயாலிசிஸ் அறையின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று விரித்த நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை. நடைபாதையில் உட்கார இடமில்லாமல் சனங்கள் சுவரோரம் சாய்ந்து நின்றார்கள். வீங்கிய முகங்கள், வீங்கிய கால்கள். ஃபத்தூமா தரையில் கைப்பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பார்தோவில் பெயர் பதிந்த அன்றே பிஸெர்த்தாவில் அவளுடைய இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கதவு திறந்தது. மோனியா என்கிற நர்ஸ் வெளியே வந்தாள். கையிலிருந்த திரையைப் பார்த்தாள். அடுத்தவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் மூடினாள். நடைபாதை முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி திறந்தாள், மூடினாள்.

“என்னம்மா, யாரைக் கூப்பிடுற?” என்றார் ஒரு பெரியவர்.

“தெரியல ஹாஜி. அடுத்த ஆள் இருக்காரு. ஆனா பேர் இல்ல.”

லஸ்ஸாத் அவளைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். “நாற்காலி காலியாத்தானே கிடக்கு? என் அக்காவ உக்கார வையும்மா.”

“வெக்க மாட்டேன்னா சொல்றேன்? மிஷின் பூட்டியிருக்கு, ஸீ லஸ்ஸாத். நோயாளி கார்டும் நாற்காலியில இருக்கிற பதிவும் ஒத்துப்போனாத்தான் திறக்கும். உங்க ஆளுங்க வெச்ச பூட்டுதான் இது.” அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. “காலையிலேர்ந்து வராதவங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன். வராதவங்கன்னு எழுதவும் முடியல. திரையில ‘வரவில்லை’ங்கிற இடத்துல ‘இல்லை’ன்னு இருக்கு. அதாவது வந்திருக்காங்களாம்.”

லஸ்ஸாத் திரையை வாங்கிப் பார்த்தான். ஒன்றும் நிரப்பாத இடத்தில் கணினி ‘இல்லை’ என்று போட்டுக்கொள்ளும். வரவில்லை: இல்லை. குறை: இல்லை. புகார்: இல்லை. இறந்தார்: இல்லை. ஒரு ஆஸ்பத்திரியில் இதைவிட நல்ல நோயாளிகள் எப்படி இருக்க முடியும்?

மறுநாள் மனு எழுதிக்கொண்டு மன்றத்துக்குப் போனான். பெயரில்லாத நோயாளிகள் அத்தனை பேரையும் நீக்க வேண்டும் என்று ஒரே வாக்கியம்தான் எழுதியிருந்தான். கோபத்தில் எழுதியதால் அதற்கு மேல் எழுத வரவில்லை.

ஸீ ஷாத்லி அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “அவசர எண் பூஜ்யம் உள்ள நோயாளிகளை நாற்காலியிலேர்ந்து இழுத்துப் போடச் சொல்றீங்க. உங்களுக்கு மனசாட்சி இருக்கா?”

“அவங்க இல்லவே இல்ல ஐயா! நான் வார்த்தது. நீங்க வார்த்தது. காத்து!”

“அப்ப பேர் இருக்கிறவங்கதான் ஒசத்தியா? இத்தனை வருஷத்துல பேர் இருக்கிற நோயாளிங்கதான் புகார் பண்ணியிருக்காங்க, பத்திரிகைக்குப் போயிருக்காங்க, செத்துப்போய் நம்ம கணக்கக் கெடுத்திருக்காங்க. இவங்க என்னைக்காவது ஒரு வார்த்தை பேசினாங்களா? நேரத்துக்கு வர்றாங்க, நேரத்துக்குப் போறாங்க. மந்திரி அலுவலகத்துலேர்ந்து பாராட்டு வந்திருக்கு.”

“என் அக்கா தரையில உக்காந்திருக்கா, ஸீ ஷாத்லி.”

“எனக்கும் அக்கா இருக்கா. வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இந்த மன்றத்துக்கு ஆக்குறதுக்குத்தான் அதிகாரம். நீக்குறதுக்கு ஒரு மன்றம் இன்னும் அமைக்கல. மனுவக் குடுத்துட்டுப் போங்க. கோடை முடிஞ்சதும் எடுத்துக்குவோம்.”

நஜ்வா மனுவை வாங்கி முத்திரை குத்தினாள். மணி இரண்டு.

அதற்குள் ஃபத்தூமா இரண்டு முறை டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தாள். முகம் உப்பிவிட்டது, மூச்சு விடும்போது மார்பில் ஏதோ கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. லஸ்ஸாத் கூசாமல் முடிவு செய்தான். பட்டறையைத் தொட அவனுக்கு அனுமதி கிடையாது. ஆனால் பதிவைத் திருத்த அனுமதி உண்டு. அக்காவின் பதிவைத் திறந்து, பெயரை அழித்தான். பிறந்த ஊரை அழித்தான். ரத்த வகையை அழித்தான். அவசர எண்ணை அழித்ததும் அது தானாகவே பூஜ்யமாகிக்கொண்டது. கடைசியில் மிச்சம் இருந்தது மன்றம் வார்த்த காலி நோயாளிக்கு இம்மியும் வித்தியாசப்படாத ஒன்று.

காலையில் மோனியா கதவைத் திறந்து, திரையைப் பார்த்து, வாயைத் திறந்து மூடினாள். ஃபத்தூமா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“என்னையத்தான் கூப்பிடுற” என்றாள்.

கார்டைப் போட்டார்கள். கார்டில் ஒன்றும் இல்லை. நாற்காலியிலும் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாததும் ஒன்றுமில்லாததும் அச்சாக ஒத்துப்போகின்றன என்று கணினி திருப்தியாகச் சொன்னது, பூட்டு திறந்தது. எவ்வளவு எடை, எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று எதையும் பதியக் கூடாது, பதிந்தால் பூட்டிக்கொள்ளும். மோனியா அவள் காலை அமுக்கிப் பார்த்தே கணக்குப் போட்டாள். நான்கு மணி நேரம் கழித்து ஃபத்தூமா வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

“செருப்பு போட்டுக்கிட்டுத்தான் போனேன்” என்றாள். “மத்தபடி நீ சொன்ன மாதிரியேதான்.”

“பேரை எடுத்துட்டேன்க்கா. கோவமா?”

“அட போடா. பேரை வெச்சுக்கிட்டு ஊறுகாயா போடப்போறேன்? ரத்தம் சுத்தமானா போதும். நீ மட்டும் மறந்துடாதே, அது போதும்.”

விஷயம் நடைபாதையில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சனங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அந்த ஹாஜி வந்தார், தள்ளுவண்டியில் ஆரஞ்சுப் பழம் விற்கிறவர் வந்தார், பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருத்தி வந்தாள். “என் பேரையும் அழிச்சுடுங்க, ஸீ லஸ்ஸாத். என் ஊரையும் சேர்த்து அழிச்சுடுங்க.” வாத்தியாரம்மா வெட்கத்தோடு, “என் வயசை முதல்ல அழிங்க” என்றாள், அந்த நிலைமையிலும் எல்லோரும் சிரித்தார்கள். லஸ்ஸாத் ஒவ்வொருவராக அழித்தான். ஆகஸ்டு முடிவதற்குள் அந்த நடைபாதையில் பெயருள்ள மனிதர் ஒருவரும் இல்லை. மோனியா வந்து வாயைத் திறந்து மூடுவாள். அவர்களே தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, சண்டையில்லாமல் ஒருவர் எழுந்துபோவார். நாட்டில் ஒழுங்காக நடந்த ஒரே வரிசை அதுவாகத்தான் இருந்திருக்கும். ஃபத்தூமாவின் கன்னத்தில் நிறம் வந்தது. ஒரு நாள் கூஸ்கூஸ் செய்து எல்லோருக்கும் கொண்டுபோனாள்.

செப்டம்பரில் ஒற்றை வேளை முடிந்தது. அலுவலகம் மறுபடி நாள் முழுக்கத் திறந்தது. மதாம் நஜ்வா லஸ்ஸாத்தின் மேஜைக்கே வந்து நின்றாள், முகமெல்லாம் பூரிப்பு.

“மப்ரூக், ஸீ லஸ்ஸாத்! உங்க மனு பாஸாயிடுச்சு.”

“எந்த மனு?”

“பேரில்லாத நோயாளிங்களை நீக்கச் சொல்லி. மன்றம் ஒருமனசா ஏத்துக்கிச்சு. நீக்கல் பட்டறையே ஒண்ணு கட்டியாச்சு, எந்த வகையைச் சொன்னாலும் நீக்கும். காலையில ஒரே அடியா நீக்கிட்டோம். மூணு மாசமா நீங்க ஒத்தை ஆளா போராடினீங்க, வீண் போகல பாருங்க.”

லஸ்ஸாத் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. “நிறுத்துங்க! அதெல்லாம் ஆளுங்க! அது என் அக்கா!”

“பேர் இருந்துச்சா?”

“இல்ல...”

“அப்ப சரியாத்தான் நீக்கியிருக்கு” என்றாள் நஜ்வா ஆறுதலாக.

நடைபாதையில் ஒவ்வொரு கார்டையும் போட்டுப் பார்த்தார்கள். இப்படி ஒருவர் இல்லை என்று வந்தது. புதிய கார்டு வாங்கப் பழைய பதிவு வேண்டும், பழைய பதிவு இல்லை. நாற்காலிகளாவது மிச்சமாயினவா என்றால் அதுவும் இல்லை. மறுநாள் காலையில் பட்டறை வழக்கம்போலப் புதிதாக ஒரு கூட்டத்தை வார்த்து உட்கார வைத்தது. லஸ்ஸாத் போய்க் கதறியபோது, “மனுவில நீக்கச் சொல்லித்தான் கேட்டிருந்தீங்க. வார்க்குறத நிறுத்தச் சொல்லலையே” என்றார் ஸீ ஷாத்லி. மனுவை எடுத்துக் காட்டவும் செய்தார். ஒரே வாக்கியம்தான், அவன் கையெழுத்துதான்.

அவசரப் பிரிவிலும் அதே பூட்டுதான். அலைந்ததில் ஃபத்தூமாவுக்கு மறுபடி மூன்று முறை தவறிப்போயிற்று. பிஸெர்த்தாவில் மட்டும் ஒரு பழைய இயந்திரம் பூட்டில்லாமல் கிடந்தது. அங்கிருந்த டாக்டர் ஃபத்தூமாவை வருடக்கணக்காக அறிந்தவர், கார்டு கிடக்கட்டும், கூட்டிக்கொண்டு வா என்று போனில் சொன்னார். லஸ்ஸாத் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் லுவாஜ் வண்டியில் ஜன்னலோரம் உட்கார வைத்தான். அவளால் பேச முடியவில்லை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வண்டி நிறைந்தால்தான் கிளம்பும், இன்னும் ஒரு ஆள் வரவேண்டியிருந்தது. லஸ்ஸாத் அந்த இடத்துக்கும் காசைக் கொடுத்து, கிளம்பப்பா கிளம்பு என்று கெஞ்சினான். வழியில் எங்கேயோ அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிஸெர்த்தா வந்தபோதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் மன்றத்தின் பாராட்டு விழா. லஸ்ஸாத் வரமாட்டேன் என்றான். வராவிட்டால் வந்ததாகப் போட்டுக்கொள்ளுவோம் என்று நஜ்வா சொன்னாள். போனான். பச்சைத் துணி மேஜைமேல் பூச்செண்டு இருந்தது. சவரம் செய்யாத முகத்தோடு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஸீ ஷாத்லி அறிக்கையைப் படித்தார். “திட்டம் தொடங்கின நாளிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நாற்காலிகள் எல்லாம் நிறைஞ்சிருக்கு. வரவில்லை: இல்லை. புகார்: இல்லை. இறந்தவர்:” இங்கே அவர் குரல் தழுதழுத்தது, “இல்லை. சகோதரர்களே, ஒருத்தர்கூட இல்லை! நம்ம துறை வரலாற்றுலயே இப்படி நடந்ததில்ல. இதுல களையெடுக்குற வேலையைத் தொடங்கி வெச்சது நம்ம ஸீ லஸ்ஸாத். வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க.”

லஸ்ஸாத் எழுந்தான். எல்லோரையும் பார்த்தான். வாயைத் திறந்தான், மூடினான். பிறகு கதவையே பார்த்துக்கொண்டு நின்றான், யாரோ எழுந்து வருவார்கள் என்பதுபோல.

“சந்தோஷத்துல பேச்சே வரல பாருங்க” என்றார் ஸீ ஷாத்லி. ஹஸூனா தட்டோடு உள்ளே வந்தார், ஆளுக்கொரு கோப்பையைக் கொடுத்தார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. எல்லோரும் கோப்பையை உயர்த்தி, உள்ளே ஒன்றும் இல்லாததை ஒரு மடக்குக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள்.

“ஃபத்தூமா” என்றான் லஸ்ஸாத், உரக்க.

கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நஜ்வா நிமிர்ந்தாள். “என்ன சொன்னீங்க?”

“ஃபத்தூமா. ஃபத்தூமா பின்த் அலி. என் அக்கா. செத்துப்போயிட்டா. உங்க கணக்குல ஒண்ணு எழுதிக்குங்க.”

நஜ்வாவின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றது. அவள் கெட்டவள் இல்லை, பக்கத்திலிருந்தவரைக் கொஞ்சம் திண்டாட்டத்தோடு பார்த்தாள்.

“எழுதுறேன், ஸீ லஸ்ஸாத். இது எந்த வகைன்னு மட்டும் சொல்லுங்க. நோயாளியில அப்படி ஒருத்தர் இல்ல.”

“அக்கா” என்றான்.

அக்கா என்று ஒரு வகை மன்றத்தின் பட்டியலில் இல்லை. ஸீ ஷாத்லி கடிகாரத்தைப் பார்த்தார். நஜ்வா சற்று யோசித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டு, அதற்குக் கீழே முத்திரை குத்தினாள்.